நடுவீட்டில் ரயில் ஓடினால் யார் வழிவிடுவது? விடுமுறைத் தகராறும் தருமபுரியின் தொலைந்த பாதையும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். தருமபுரியில் ஒரு வீட்டு ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவின் ஒரு காலைச் சுற்றி, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் நுழைந்து, பூஜை அறை வாசலைத் தொட்டுத் திரும்புகிறது ஒரு தண்டவாளம். இன்ஜின் ஒன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பையன் தரையில் படுத்து, கண்ணைத் தண்டவாளத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறான். அப்பா மேல்பார்வை. அதாவது, அவரும் தரையில்தான் படுத்திருக்கிறார்.

அம்மா ஈரத் துணியோடு வருகிறார். "எழுந்திரிங்க, வீடு தொடைக்கணும்." யாரும் எழுந்திருக்கவில்லை. ஆயா பாத்ரூமுக்குப் போகக் காலை எடுத்து வைக்கிறார். 'கிரக்' என்று ஒரு சத்தம். அடுத்த பத்து நிமிஷம் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மாடல் ரயில் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் விடுமுறை நாட்கள் இப்படித்தான். தப்பு யார் மேல் என்று பஞ்சாயத்து வைத்தால் தீராது. மூன்று விஷயத்தில் மட்டும் குடும்பம் கறாராக இருக்க வேண்டும். மற்றதில் எல்லாம் ரயிலுக்கு ஒரு மூலையும் ஒரு நேரமும் ஒதுக்கி விட்டுக்கொடுக்கலாம். தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில் அப்படி விட்டுக்கொடுக்க இன்னும் ஒரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாடல் ரயில், பொம்மை ரயில்: என்ன வித்தியாசம்?

திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மை ரயில் ரயில் மாதிரி இருந்தால் போதும். மாடல் ரயிலுக்குக் கணக்கு உண்டு. நிஜ ரயிலின் ஒவ்வொரு அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும்.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் 87 பங்கு இருந்தால் இதில் 1 பங்கு. தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கும் நடுவில் 16.5 மில்லிமீட்டர். அதைவிடச் சின்னது 'என்' அளவு. 160-ல் 1 பங்கு, தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர்.

இன்றைய எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 23.5 மீட்டர் நீளம். ஹெச்.ஓ. அளவில் சுருக்கினால் 27 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் குறைவு. அப்படி 20 பெட்டிகளைக் கோத்தால் 5.4 மீட்டர். நம்மூர் ஹால்கள் பலவற்றில் அந்த ரயில் நிற்கக்கூட இடம் கிடையாது. அதனால்தான் வீட்டு ரயில்கள் நான்கைந்து பெட்டியோடு நின்றுவிடுகின்றன.

ரயிலைத் திருப்புவது அதைவிடப் பெரிய பாடு. ஹெச்.ஓ. தண்டவாளத்தில் ஒரு முழு வட்டம் போட ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வேண்டும். 'என்' அளவுக்கு 60, 70 சென்டிமீட்டர் போதும். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவர்கள் வழக்கமாக எடுப்பது எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை. நம்மூர் மரக்கடையிலும் பிளைவுட் அதே எட்டுக்கு நாலில்தான் வருகிறது. பலகை ஒன்றுதான். அதை விரிக்கிற வீடுதான் வேறு.

தகராறு ஏன் விடுமுறையில் மட்டும் வருகிறது?

மற்ற நாட்களில் ரயில் பெட்டிக்குள் இருக்கிறது, ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். விடுமுறையில் இரண்டும் ஒரே நேரத்தில் ஹாலுக்கு வந்துவிடுகின்றன. ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது, பாய் விரிக்க இடம் வேண்டும். பண்டிகை வருகிறது, வெள்ளையடிக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும், கோலம் போட வேண்டும்.

பண்டிகையும் ரயிலும் சேர்ந்தே வளர்ந்தவைதான். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில், வரிசை அளவுகள் வகுத்த தண்டவாளத்தோடு பொம்மை ரயிலைக் காட்டியது. 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் லயனல் நிறுவனத்தின் முதல் மின்ரயில், கடை ஜன்னலில் ஆட்களை இழுக்கத்தான் ஓடியது. பிறகு அது கிறிஸ்துமஸ் மரத்தடியைச் சுற்றும் ரயிலாக வீட்டுக்குள் வந்தது.

நம்மிடமும் அந்த வழக்கம் வேறு பெயரில் இருக்கிறது. கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, 'பார்க்' போடுவார்கள். அதில் ஒரு சின்ன ரயில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பது நாள் ரயில் நடுவீட்டில் ஓடும், யாரும் திட்டமாட்டார்கள். ஏனென்றால் அதற்கு ஓர் இடம் உண்டு, எத்தனை நாள் என்ற கணக்கும் உண்டு, 'இது நம்ம வீட்டு வேலை' என்ற எண்ணமும் உண்டு. அந்த மூன்றும் அரையாண்டு விடுமுறை ரயிலுக்குக் கிடைப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஓடின ரயில் திடீரென்று ஏன் நிற்கிறது?

வீட்டுச் சண்டையில் பாதி இந்தக் கேள்வியில்தான் வருகிறது. "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. யாரு தொட்டீங்க?"

பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாடல் ரயில் இன்ஜினுக்குள் பேட்டரி கிடையாது. 12 வோல்ட் மின்சாரம் இரண்டு கம்பிகளிலும் ஓடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் அதை எடுக்க, மோட்டார் வழியாகப் போய், மறுபக்கச் சக்கரத்தில் இறங்குகிறது. சக்கரம் கம்பியைத் தொடும் இடம் ஊசி முனை அளவு. அந்த இடத்தில் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால் போதும், ரயில் நின்றுவிடும்.

விடுமுறை வீட்டில் அந்த அழுக்கு நாலு திசையிலிருந்தும் வரும். முறுக்கும் அதிரசமும் சுடும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை தண்டவாளத்தில் படியும். கோலமாவு காற்றில் பறந்து வரும். தலைமுடியும் பாய் நாரும் அச்சில் சுற்றிக்கொள்ளும். பித்தளைத் தண்டவாளமாக இருந்தால் காற்றுப் பட்டே கறுத்து, மின்சாரத்தைத் தடுக்கும்.

அடுத்து நடப்பதுதான் உண்மையான விபத்து. ரயில் ஓடவில்லை என்றதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தண்டவாளத்தைப் பளபளவென்று தேய்க்கிறார். உதிர்ந்த கம்பித் துகளை மோட்டாரில் இருக்கும் காந்தம் இழுத்துக்கொள்கிறது. மோட்டார் போச்சு. இன்னொருவர் இன்ஜினுக்குள் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுகிறார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தருமபுரியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயே பாட்டிலுக்குள் கட்டியாகிவிடுகிறது, பல்சக்கரத்துக்குள் என்ன ஆகும்?

செய்ய வேண்டியது சின்ன வேலை. நூல் உதிராத பருத்தித் துணியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுக் கம்பியின் மேல்பக்கத்தையும் சக்கரங்களையும் துடைத்தால் போதும். எண்ணெய் என்றால் பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய ஆயில், ஊசி முனையில் ஒரு சொட்டு.

இன்னொன்று. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது, வேகத்தைக் கூட்டும் குமிழ் முழுசாகத் திருப்பியபடியே இருந்தால் ரயில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வளைவில் குப்புற விழும். கரண்ட் போனதும் குமிழைச் சுழியத்துக்குத் திருப்புவது என்ற ஒரே பழக்கம், மேஜையிலிருந்து விழுந்து உடையும் இன்ஜின்கள் பலவற்றைக் காப்பாற்றும்.

எந்த மூன்றில் கறாராக இருக்க வேண்டும்?

உடைந்த பெட்டியை ஒட்டலாம். ஒட்ட முடியாதவை மூன்று உண்டு. இவற்றில் 'பண்டிகை நாள்தானே' என்று சலுகை கொடுக்கக் கூடாது.

முதலாவது, பட்டன் பேட்டரி. ரயில் ஓடுவது தண்டவாள மின்சாரத்தில் என்றாலும், அதைச் சுற்றி வைக்கும் ஸ்டேஷன் விளக்கு, ரிமோட், மின்னும் குட்டி மரம் இவற்றுக்குள் காசு மாதிரி ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பேட்டரியைக் கைக்குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாய்ச் சுவரைக் கடுமையாக வேகவைத்துவிடும். மூச்சு அடைக்காது என்பதால் வீட்டாருக்கு உடனே தெரியாமலும் போகலாம்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்தேரி மலையிலோ பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலோ இருப்பவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி, சாலையிலேயே போய்விடும். எனவே வைத்தியத்தைவிட முன்ஜாக்கிரதைதான் இங்கே கைகொடுக்கும்: பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு மூடுவதாக இல்லையென்றால் அந்தப் பொருள் வீட்டுக்குள் வரவே வேண்டாம். பெட்டிகளைக் கோக்கப் பயன்படும் சின்னச் சின்ன வலுவான காந்தங்களுக்கும் இதே விதி. இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடலைத் துளைத்துவிடும்.

இரண்டாவது, 230 வோல்ட். தண்டவாளத்தில் ஓடும் 12 வோல்ட், தொட்டால் ஷாக் அடிக்காது. ஆபத்து அடாப்டருக்கு முந்தைய வயரில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கும், பக்கத்தில் ஈரத் துணி வரும். சீரியல் விளக்கையும் கிரைண்டரையும் அதே பாக்ஸில் செருகியிருப்பார்கள். பாக்ஸைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்ட வேண்டும். துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தண்டவாளத்தின் மேல் ஒரு கொண்டை ஊசியோ ஊக்கோ குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகும். நல்ல கன்ட்ரோலர் தானாக நின்றுவிடும். மலிவு அடாப்டர் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத அறையில் ரயிலை ஓடவிட்டுப் போகக் கூடாது என்பது அதற்காகத்தான்.

மூன்றாவது, ரசாயனமும் நெருப்பும். தண்டவாளம் துடைக்கும் ஆல்கஹால், பெயின்ட் தின்னர் இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. குத்துவிளக்கு எரியும் கொலு ஹாலிலோ, பலகாரம் சுடும் சமையலறைக்குப் பக்கத்திலோ அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. வயர் பற்றவைக்கும் ஈயத்தில் நிஜமாகவே காரீயம் இருக்கும் வகைகள் உண்டு. பற்றவைத்த கையோடு முறுக்கை எடுக்கும் பழக்கம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுக்கலாம்.

பொம்மை வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகும்.

மீதியில் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இனி வருவதெல்லாம் கோபப்படத் தேவையில்லாத விஷயங்கள். உதாரணத்துக்கு, ராகி. சரக்கு வேகனில் ஏற்ற ஜல்லி வேண்டும் என்று சமையலறையிலிருந்து ஒரு பிடி ராகி காணாமல் போகும். ஒன்றரை மில்லிமீட்டர் ராகி மணி, 87 மடங்கு பெரிதாக்கினால் 13 சென்டிமீட்டர் கல். பார்க்க அச்சு அசல் குவாரியில் இறக்கின கல் மாதிரியே இருக்கும். மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டி வரும், நாலாம் நாள் எலி வரும். திட்டுவதற்குப் பதில், சலித்த ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது. காயாத டீத்தூளை மண் என்று பலகையில் ஒட்டினால் பூசணம் பூக்கும். அதையும் ஒரு தடவை பார்த்தால் பிள்ளைகளே அடுத்த முறை வெயிலில் காயவைப்பார்கள்.

விட்டுக்கொடுப்பது என்றால் அம்மா மட்டும் விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. இதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் ரயில் ஓட்டுவது அப்பாவும் பிள்ளையும், பெருக்குவது அம்மா. தண்டவாளத்தைச் சுற்றிக் குனிந்து பெருக்குகிறவரின் முதுகுவலி யார் கணக்கிலும் வருவதில்லை. 'என் ரயிலைத் தொடாதே' என்று சொல்லும் உரிமை, அந்த ஹாலைத் தானே கூட்டித் துடைப்பவருக்கு மட்டும்தான் உண்டு. ரயில் ஓடும் நாட்களில் அந்த அறையைச் சுத்தம் செய்வது ரயில்காரர் வேலை என்று முடிவு செய்துவிட்டால் தகராறில் முக்கால்வாசி அன்றைக்கே தீரும். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் அவள் கையிலும் கன்ட்ரோலர் வர வேண்டும், பையன் கையிலும் துடைப்பம் வர வேண்டும்.

ஹாலில் இடமில்லை என்றால் பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கும்படி கீல் போடலாம். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும்படி சக்கரம் போடலாம். ஆயா நடக்கும் வழியில் மட்டும் தண்டவாளம் போகவே கூடாது. வயதானவர்கள் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது எந்த விடுமுறையோடும் முடிகிற விஷயமில்லை.

கடைசியாக, போகி. 'ஓடாத சாமான்' என்று பழைய பெட்டியைத் தூக்கித் தெருவில் போடும் நாள். பிளாஸ்டிக்கையும் வயரையும் எரிப்பதே தப்பு. அதைவிட முக்கியமாக, உள்ளே இருப்பது யாருடைய எத்தனை வருஷ உழைப்பு என்று கேட்காமல் போடுவது பெரிய தப்பு. 2019 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பள்ளியில் கண்காட்சிக்காக வைத்திருந்த மாடல் ரயில்களைச் சில இளைஞர்கள் இரவில் புகுந்து நொறுக்கினார்கள். பல ஆண்டுகள் கையால் செய்தவை. மார்க்கெட் டீப்பிங் என்ற ஊரின் சங்கம் உதவி கேட்டது 500 பவுண்டு. வந்து சேர்ந்தது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டுமே 10,000 பவுண்டு கொடுத்தார். அவரே 23 ஆண்டுகள் உட்கார்ந்து ஒரு மாடல் ரயில் நகரத்தைக் கட்டியவர். 'பொம்மைதானே' என்று நினைக்காத அத்தனை பேர் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

சரி, இதுக்கும் தருமபுரிக்கும் என்ன சம்பந்தம்?

தருமபுரி மூன்று அகலத் தண்டவாளங்களையும் பார்த்த ஊர். முதலில் வந்தது 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அந்தக் குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், பாதை மூடப்பட்டது. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி குட்டி ரயிலுக்கும் அதே காலத்தில் அதே கதிதான். பிறகு சேலத்திலிருந்து பெங்களூருக்கு மீட்டர் கேஜ் பாதை தருமபுரி வழியாக வந்தது. 1990-களில் அது அகலப் பாதையானது. இப்போது கோவை - பெங்களூரு வந்தே பாரத் தருமபுரியில் நின்று போகிறது.

ஆனால் மொரப்பூருக்கு மட்டும் இன்னும் ரயில் இல்லை. சென்னை - சேலம் பாதையில் இருக்கும் மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. தருமபுரி தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் 36 கிலோமீட்டர் திட்டத்துக்கு 2016-17 பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது, 2019-ல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. நிலம் எடுக்கும் வேலையே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1906-ல் இருந்த இணைப்புக்காக ஒரு மாவட்டம் நூறு வருஷத்துக்கு அப்புறமும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் மாடல் ரயில் கணக்கு வேலைக்கு வருகிறது. 762-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள். 8.76 வரும். 'என்' அளவுத் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். அதாவது, கடையில் கிடைக்கும் சாதாரண 'என்' தண்டவாளத்தின் மேல், ஹெச்.ஓ. அளவில் அட்டையால் செய்த பெட்டிகளை வைத்தால் அதுதான் மொரப்பூர் - தருமபுரி குட்டி ரயில்! வெளிநாடுகளில் மலை ரயில்களை மாடல் செய்பவர்கள் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். வளைவும் சின்னதாக வரும் என்பதால் ஒரு மேஜை மேலேயே ஓடும்.

36 கிலோமீட்டரை அப்படியே சுருக்கினால் 414 மீட்டர் வரும், ஒரு தெருவே வேண்டும். அதனால் முழுப் பாதையும் வேண்டாம். மொரப்பூரில் பெரிய ரயிலிலிருந்து இறங்கிக் குட்டி ரயிலுக்கு மாறுகிற ஒரு நடைமேடை, ஒரு புளியமரம், ஒரு மாட்டுவண்டி. அது போதும். அந்த ரயிலில் ஏறினவர்கள் இன்று இருந்தால் எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். 'எங்க அப்பா அதுல போனாரு' என்று சொல்லக்கூடியவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். 'ஆயா, உங்க அப்பாரு அந்த ரயில்ல போயிருக்காரா? பெட்டி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாரா?' என்று ஒரு பிள்ளை கேட்பதற்கு, தரையில் கிடக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அதே ரயிலை மிதித்துவிட்டதற்காக நேற்றுத் திட்டு வாங்கிய ஆயாதான் இன்றைக்கு அந்த வேலைக்கு முதல் ஆலோசகர்.

குட்டி ரயில் வேண்டாம், இன்றைய பாதைதான் வேண்டும் என்றால் தொப்பூர் மலை இருக்கிறது. 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் பாறைகள் உருண்டு விழுந்து கண்ணூர் - யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. தெர்மாகோலில் அந்த மலைச்சரிவைச் செதுக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு, மழைக்காலத்தில் பாறை ஏன் நழுவுகிறது, வளைவில் ரயில் ஏன் மெதுவாகப் போகிறது என்பதைப் பாடப் புத்தகம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு கெட்டுவிடாதா? செலவு ஆகாதா?

இரண்டும் நியாயமான கேள்விகள். படிப்பைப் பொறுத்தவரை ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் ஒரு மாடல் ரயில் சங்கம் தொடங்கியது. அதில் தண்டவாளத்துக்கு அடியில் வயரும் சிக்னலும் போட்டுக்கொண்டிருந்த மாணவர்கள்தான் பின்னாளில் கம்ப்யூட்டரைப் பிரித்து மேயத் தொடங்கினார்கள். இன்று உலகம் பேசும் 'ஹேக்கர்' என்ற சொல்லை அந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் விகிதம், மின்சுற்று, உராய்வு, வளைவு எல்லாம் கைவழியாகப் புரியும்.

செலவு விஷயத்தில் பெற்றோரின் பயம் உண்மையானது. வெளிநாட்டு மாடல்கள் விலை அதிகம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 சதவீதமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வைத்த வரி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சின்ன மாடல்களும் சுங்கப் பட்டியலில் அதே தலைப்பில்தான் வருகின்றன. அதனால் தொடக்கமே இறக்குமதியாக இருக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டை, ஐஸ் குச்சி, பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய மோட்டார் என்று தொடங்கலாம். தண்டவாளமும் இன்ஜினும் மட்டும் வாங்கினால் போதும், பெட்டியும் ஸ்டேஷனும் கையால் வரட்டும். இந்திய ரயில்களின் மாடல் கடையில் எளிதாகக் கிடைக்காத நாட்டில், செய்வதுதான் வாங்குவதைவிடச் சரியான வழியும்கூட.

வீட்டுக்குள் இடமே இல்லாதவர்களுக்கு ஊர் இடம் கொடுக்க வேண்டும். புனேயில் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கு, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும் இடமானது. நடுகற்களைக் காத்துவைத்திருக்கும் ஊர் தருமபுரி. அவற்றுக்குப் பக்கத்தில் 1906-ன் குட்டி ரயிலுக்கு ஒரு மேஜை போட முடியாதா? அரசுப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் எட்டுக்கு நாலு பலகை ஒன்று, மாவட்ட மைய நூலகத்தில் விடுமுறை நாட்களில் இரண்டு மணி நேரம். பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாத யோசனை இது. நிஜப் பாதை வரும்போது வரட்டும். அதுவரை மேஜை மேலாவது ரயில் மொரப்பூருக்குப் போகட்டும்.

கடைசியாக

முதலில் பார்த்த அந்த ஹாலுக்கே திரும்புவோம். மிதிபட்ட பெட்டியை ஒட்டியாகிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் பலகை ஒன்று வந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று ரயிலுக்கும் கால அட்டவணை எழுதியாகிவிட்டது. பேட்டரி டப்பா பீரோ மேலே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆணியில். துடைப்பம் இன்றைக்கு அப்பா கையில்.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்க்கிறார். "அந்த ஸ்டேஷன்ல பூக்காரம்மா கடை ஒண்ணு வெக்கலையா சாமி? அது இல்லாம என்னடா ஸ்டேஷன்?"

இவ்வளவு நாள் வழியை மறித்த ரயிலுக்கு, அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பச்சை விளக்கு விழுகிறது.